ரங்கராஜ் சாரின் கோபம்

கோபம் வந்துவிட்டால் ரங்கராஜ் சார் செருப்புகூடப் போடமாட்டார். பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு, வெறுங்காலோடு கேட்டைத் திறந்து, சோளக்காட்டு ஓரமாகப் போகும் மண்பாதையில் நடக்க ஆரம்பித்துவிடுவார். கோவையை ஒட்டிய சரவணம்பட்டியில் அந்தப் பாதைக்கு அவரை நன்றாகத் தெரியும். திரும்பி வரும்போது முகம் துடைத்து வைத்ததுபோல இருக்கும். "இப்பச் சொல்லுங்க" என்று விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்.

ஒருமுறை கல்லூரியில் ஏதோ வாக்குவாதம். எழுந்து வெளியேறியவர் கணபதி பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தே போய்விட்டார். மாணவர்கள் அவருக்கு 'வாக் அவுட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். "வெச்சுட்டுப் போறாங்க. நல்ல பேருதானுங்க" என்று என்னிடம் சொன்னார்.

அவர் வீட்டு மாடியில் நான் குடியிருக்கிறேன். கீழே அவரும் அவருடைய அம்மா வெங்கடம்மாளும் மட்டும். தங்களுக்குள் தெலுங்கு, நான் இருந்தால் தமிழ். ஐம்பதைத் தாண்டிய சார் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காய்கறிக்காரியிடம் பேரம் பேசமாட்டார். ஆட்டோ ஏறமாட்டார், இறங்கும்போது சண்டை வருமாம். தொலைக்காட்சி நாடகத்தில் யாராவது குரலை உயர்த்தினால் போதும். "அடுத்து அடிக்கப் போறான்னு இவனுக்கு எப்படித்தான் தெரியுமோ. கரெக்டா எந்திரிச்சு வந்து டிவிய அமத்திப்போடுவான். கதையே எனக்குப் புரியறதில்லீங்க தம்பி" என்பது அம்மாவின் புகார். அம்மாவுக்கு இடது காது கேட்காது. பேசுகிறவர்கள் வலப்பக்கம் உட்கார வேண்டும்.

சார் நடத்துவது உளவியல். மனிதன் ஏன் அடிக்கிறான் என்ற பாடத்தை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டார். ஒருநாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். ஆதிகாலத்தில் இரைக்கும் இடத்துக்கும் துணைக்கும் சண்டையிட்டவர்களே அதிகம் பிழைத்தார்கள், அவர்கள் வழியில் வந்தவர்கள் நாம் என்று தொடங்கினார். பிறக்கும் பிள்ளை தன்னுடையதுதானா என்ற சந்தேகம் ஆணுக்கு ஆதியிலிருந்தே உண்டு. பொறாமையின் வேர் அதில் இருக்கலாம் என்றார். "அடிச்சுப் பொழச்சவனோட பேரப்பிள்ளைகதானுங்க நாமெல்லாம். அடி வாங்கிச் செத்தவனுக்கு வாரிசு ஏது?" வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. இதெல்லாம் ஒரு சாய்வுதான், தலையெழுத்து அல்ல என்று கரும்பலகையில் எழுதி அடிக்கோடும் போட்டார். மாணவர்களுக்குத்தான் அந்த அடிக்கோடு. தனக்கு அவர் போட்டுக்கொள்ளவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவர் அப்பா சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் மேஸ்திரியாக இருந்தவர். வெங்கடம்மாளின் காது போனது அவர் கையால். கதவுக்கு வெளியே நின்று அதைக் கேட்டே சார் வளர்ந்திருக்கிறார். அப்பா இறந்த பிறகு கோமளவல்லி என்ற பள்ளி ஆசிரியையைப் பேசி நிச்சயம் செய்தார்கள். கல்யாணத்துக்குப் புடவைகூட எடுத்தாயிற்று. அப்போது காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் சார் தற்செயலாகக் கோமளவல்லியைப் பார்த்திருக்கிறார். கூட வேலை பார்க்கும் யாரோ ஒரு ஆசிரியரிடம் சிரித்துப் பேசிக்கொண்டு நின்றாராம். பல வருடம் கழித்து என்னிடம் சொன்னார்.

"ஒண்ணுமில்லீங்க. சும்மா சிரிச்சாங்க. எனக்கு ஒடம்பெல்லாம் பத்திக்கிச்சு. கீழ குனிஞ்சு பாக்கறேன், கை தானா மடங்கி நிக்குது. எங்கப்பன் கையாட்டவே இருந்துச்சுங்க."

"அடிச்சுட்டீங்களா?"

"கிட்டக்கூடப் போகலீங்க. ஊட்டுக்கு வந்து கல்யாணம் வேண்டாம்னு சொல்லிப்போட்டேன்."

காரணத்தை அப்போது யாருக்கும் சொல்லவில்லை. பெண் வீட்டார் வந்து கேட்டார்கள், சொந்தக்காரர்கள் ஏசினார்கள். அம்மா சாப்பிடாமல் கிடந்தார். இவர் வாயைத் திறக்கவே இல்லை. கோமளவல்லியை வெகுநாள் கழித்து வெள்ளகோவிலில் ஓர் எண்ணெய் வியாபாரிக்குக் கொடுத்தார்கள்.

போன வருடம் ஒரு மாலை, எதிரே பஞ்சர் கடை வைத்திருக்கும் நஞ்சுண்டன் மனைவியைத் தெருவிலே இழுத்துப்போட்டு அடித்தான். நானும் இரண்டு மூன்று பேரும் ஓடிப்போய்ப் பிரித்துவிட்டோம். சார் வழக்கம்போலச் சோளக்காட்டுப் பக்கம் போய்விட்டார். திரும்பி வந்து, அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து, எனக்குச் சமாதானம் சொல்வதுபோலச் சொன்னார்: "அவன் ஒருத்தன் பண்றதில்லீங்க அது. லச்சம் வருசமா வருது. கோவம் வந்துட்டா அவனால அடக்க முடியறதில்ல. எங்கப்பனுக்கும் அப்படித்தான்."

வெங்கடம்மாள் அவரைக் கூர்ந்து பார்த்தார்.

"ஏங்கண்ணு, உங்கப்பனுக்கு அடக்க முடியாதுன்னு ஆரு உனக்குச் சொன்னா? மில்லுல சூப்பர்வைசர் எல்லாத்து முன்னாடியும் அவரு அம்மாளச் சேத்துத் திட்டுவான். கையக் கட்டிட்டு நின்னுட்டு வருவாரு. ஊட்டுக்கு வந்து காலக் கழுவி, சோறு தின்னு, கடியாரத்தக் கழட்டி மாடத்துல வெச்சு, கதவச் சாத்திப்போட்டுத்தான் என்னைய அடிப்பாரு. அடக்க முடியாத கோவம் சோறு திங்கற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்குமா? முன்னாலயே அடிச்சா அப்பறம் ஆரு சோறு போடறது?"

சார் குனிந்து தன் கையைப் பார்த்தார்.

"அவருக்கு நல்லா அடக்கத் தெரியும் சாமி. எங்கிட்ட அடக்க வேண்டியதில்லேன்னும் தெரியும். அவ்வளவுதான்."

சாரின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது. எழுந்து நடக்கப் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. வெகுநேரம் கழித்து, குனிந்த தலை நிமிராமல், பஸ் ஸ்டாண்டில் நடந்ததை அம்மாவிடம் சொன்னார். வலது காதைத் திருப்பிக்கொண்டு அந்த அம்மாள் முழுவதையும் கேட்டார்.

"அந்தப் புள்ளையப் புடிக்காமத்தான் நீ வேண்டாம்னேன்னு இத்தன வருசமா நெனச்சுட்டிருந்தேனே" என்றார். "இதுக்கா? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே கண்ணு."

"நீங்களாவது சொல்லியிருக்கலாமேம்மா."

"பெத்த பையங்கிட்ட அப்பனப் பத்தி என்னத்தச் சொல்றது?"

இருவரும் அழுதார்கள். நான் மாடிக்கு வந்துவிட்டேன்.

அதன் பிறகும் அந்தப் பாடத்தை அவர்தான் நடத்துகிறார். எதையும் நீக்கவில்லை, கடைசியில் ஒரு கேள்வி மட்டும் சேர்த்திருக்கிறார். "அடிச்சவன் அன்னிக்கு வேற ஆரையெல்லாம் அடிக்காம விட்டான்? அதயும் எழுதுங்க." மாணவர்களுக்கு அது பிடிபடுவதில்லை என்று சொன்னார்.

வெங்கடம்மாள் இந்தப் பங்குனியில் போய்விட்டார். படுக்கையில் இருந்தபோது திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்: "அந்தப் புள்ளைகிட்ட ஒரு வார்த்த சொல்லிப்போட்டு வந்துரு." காரியமெல்லாம் முடிந்த பிறகு சார் மாடியேறி வந்து, "தனியாப் போறதுக்குக் கூச்சமா இருக்குதுங்க" என்றார். இருவரும் வெள்ளகோவிலுக்குப் பஸ் ஏறினோம்.

எண்ணெய்க் கடைக்குப் பின்னால் வீடு. கணவர் கடையில் இருந்தார். கோமளவல்லி நரைத்த தலையும் தடித்த கண்ணாடியுமாக வந்து நின்றார். அடையாளம் தெரிந்ததும் ஒரு நொடி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "வாங்க. உக்காருங்க" என்றார்.

சார் சுற்றி வளைக்கவில்லை. "உங்க மேல ஒரு கொறையும் இல்லீங்க. எம்மேலதான் எனக்குப் பயம். அத அன்னிக்கே சொல்லியிருக்கோணும்" என்று தொடங்கி, பஸ் ஸ்டாண்டு, சிரிப்பு, மடங்கிய கை எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"எந்த வாத்தியாருங்க அது?" என்று கேட்டார் கோமளவல்லி. நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "எனக்கு நெனப்பே இல்லீங்களே."

பிறகு அவரும் எதிரே உட்கார்ந்தார்.

"எங்கப்பா சாகற வரைக்கும் கேட்டுட்டே இருந்தாருங்க, எம்புள்ளகிட்ட என்ன கொறையக் கண்டாங்கன்னு. நானும் கண்ணாடியப் பாத்துப் பாத்துத் தேடியிருக்கறேன்." குரல் உயரவில்லை. கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

உள்ளே தொட்டிலில் குழந்தை அழுதது. மகளின் குழந்தை, நேஹா என்று பெயர். ஒரு வயது இருக்கும். எடுத்துக்கொண்டு வருவதற்குள் அடுப்பில் பால் பொங்கும் வாடை. "கொஞ்சம் புடிங்க" என்று குழந்தையைச் சாரின் மடியில் வைத்துவிட்டுச் சமையலறைக்கு ஓடினார்.

சார் இரண்டு கைகளையும் உயரத் தூக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். குழந்தை அழுகையை நிறுத்தி அண்ணாந்து பார்த்தது. பின்னால் சாய ஆரம்பித்தது.

"புடிங்க சார், உழுந்துரும்" என்றேன்.

கைகள் இறங்கி வந்தன. நேஹாவின் முதுகுக்கு ஒரு விரல் இடைவெளியில் வந்து நின்றன. தொடவும் இல்லை, விலகவும் இல்லை.