மீதியை அவியளே சொல்லட்டும்

எங்கள் வீட்டில் யாரும் ஒரு பேச்சைத் தனியாகப் பேசி முடித்ததில்லை. ஒருவர் ஆரம்பித்தால் இன்னொருவர் முடித்து வைப்பார். அதிலும் துக்கச் செய்தி என்றால் கேட்பவர்தான் சொல்லவேண்டும். வந்தவர் வாசலில் நின்று "அவிய காலையில..." என்று இழுக்கும்போதே, "போயிட்டாகளா, நீ ஒண்ணும் சொல்லாத, உக்காரு" என்று கையைப் பிடித்து உட்கார வைத்துவிடுவோம். அந்தக் கொடுமையான வார்த்தையை அவர் வாயால் சொல்ல வைக்கக் கூடாது, அவ்வளவுதான் எண்ணம். ராஜபாளையத்தில் எங்கள் தெரு முழுக்க இப்படித்தான். இதில் ஒரு குறை இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை. கம்ப்யூட்டர் திரையில் வந்த ஒரு வெளிநாட்டு அம்மாதான் முதலில் சொன்னார்.

என் தங்கை மகள் சட்டம் படிக்கிறாள், கடைசி வருஷம். தங்கை மில்லில் ஷிப்டு வேலைக்குப் போகிறவள் என்பதால் பிள்ளை பாதி வளர்ந்தது என்னிடம்தான். சண்டைக்குத் தப்பி எல்லை தாண்டி வருகிறவர்களுக்குச் சட்ட உதவி செய்கிற அமைப்பு ஒன்று வெளிநாட்டில் இருக்கிறது. அங்கே சில மாதம் இன்டர்ன்ஷிப்புக்கு மனுப் போட்டிருந்தாள். எழுத்துத் தேர்வெல்லாம் முடிந்து மிச்சம் இருந்தது ஒன்றுதான். அகதியாக நடிக்கும் ஒரு பெண் திரையில் வந்து உட்காருவார். அவரிடம் இவள் வாக்குமூலம் வாங்கிக் காட்டவேண்டும். அதில் கோட்டை விட்டுவிட்டாள்.

"எங்கனட்டி தப்பு வந்துச்சு?" என்று கேட்டேன்.

"கதவத் தட்டினாங்க, நான் பிள்ளைய... அப்படின்னு அந்தப் பொம்பள நிறுத்துச்சு பெரியம்மா. நான் உடனே, தூக்கிட்டு ஓடிட்டீங்களான்னு கேட்டுட்டேன். ஆமான்னுருச்சு."

"நல்லாத்தான கேட்டிருக்க?"

"அவ ஓடவே இல்லயாம். பிள்ளைய ஒளிச்சு வச்சிட்டு அங்கனயே நின்னிருக்கா. நான் எடுத்துக் குடுத்தத அவ அப்படியே வாங்கிக்கிட்டா. பொறவு அதிகாரி முன்னால வேற மாதிரி சொன்னா, இவ பொய் சொல்லுதான்னு திருப்பி அனுப்பிருவாங்களாம். என் வாயால ஒரு உசுரு போயிரும்னு தேர்வு வச்ச அம்மா சொல்லுதாங்க."

அடுத்த வாரம் இன்னொரு வாய்ப்பு தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதிலும் தவறினால் இடம் வேறு ஒருவருக்கு.

எனக்குச் சொந்தமாக ஒரு சின்ன ஷெட் இருக்கிறது. விசைத்தறியிலிருந்து வருகிற பேண்டேஜ் துணியை வெட்டி, மடித்து, சுருட்டி அனுப்புகிற வேலை. அங்கே மடிப்பு போடுகிற பெண்கள் பேச ஆரம்பித்தால் நான் வேலையை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு அவர்கள் பேச்சுதான் மேல்படிப்பு. சாப்பாட்டு நேரத்தில் பிள்ளை அங்கே வந்து உட்கார்ந்தாள். ஆளுக்கு ஒரு கதை சொல்லவேண்டும், இவள் குறுக்கே பேசாமல் கேட்கவேண்டும் என்று ஏற்பாடு.

முதல் நாள் ஒரு நிமிஷம் தாங்கவில்லை. யார் எங்கே மூச்சு விட்டாலும் இவள் நுழைந்துவிடுகிறாள். கடைசியில் வெட்டுத்துணி ஒன்றை எடுத்து மடித்துப் பல்லுக்கு இடையில் கடித்துக்கொண்டாள்.

"வக்கீலம்மா இனிமே கோர்ட்டுக்கும் வாய்க்கட்டோடதான் வருவாக போல," என்றாள் ஒருத்தி.

அவளே செண்பகத்தோப்புக் காட்டில் யானை துரத்தியதாக ஒரு கதை விட்டாள். யாரும் தடுக்காததால் ஒரு யானை மூன்றாகி, மூன்றும் இவளுக்கு வழிவிட்டு நின்றன. சொல்லி முடித்துவிட்டு, "குறுக்க ஆளு இல்லன்னா பொய்யி எம்புட்டு தூரம் போகுது பாத்தியாக்கா," என்று அவளே ஆச்சரியப்பட்டாள்.

இரண்டு மூன்று நாளில் துணி தேவைப்படவில்லை. ஆனாலும் அது விளையாட்டாகத்தான் இருந்தது. சோழபுரத்திலிருந்து வருகிற பெண், "நான் ஒண்ணு சொல்லட்டா?" என்று கேட்கிற வரைக்கும்.

அவர் என் ஷெட்டில் பல வருஷமாக இருக்கிறார். வீட்டுக்காரர் கொத்தனார், கேரளாவுக்கு வேலைக்குப் போன இடத்தில் சாரத்திலிருந்து விழுந்து இறந்தவர். அந்தக் கதை எங்கள் எல்லோருக்கும் தெரியும். புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் நாங்களே சொல்லிவிடுவோம். விழுந்ததுமே போய்விட்டார், கஷ்டப்படவில்லை, அதுவரைக்கும் புண்ணியம் என்று முடிப்போம்.

"சாரத்துலருந்து விழுந்துட்டாகன்னு போன் வந்துச்சு," என்று ஆரம்பித்தார். "ஆஸ்பத்திரிக்குப் போயி சேந்தேன். உள்ள விட்டாக. போயிப் பாத்தா..."

நின்றுவிட்டார். எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நான் வாயைத் திறப்பதைப் பார்த்துவிட்டுப் பிள்ளை என் பக்கம் குனிந்து, "எடுத்துக் குடுக்காதீக பெரியம்மா. மீதிய அவியளே சொல்லட்டும்," என்றாள் மெதுவாக.

பக்கத்துத் தறிச் சத்தம் மட்டும் கேட்டது. அவர் கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார். பிள்ளை அசையவில்லை. முகத்தைப் பாவமாக வைத்துக்கொள்ளவும் இல்லை. எதிரில் இருப்பவருக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவும் தன்னிடம் இருக்கிறது என்பதுபோல உட்கார்ந்திருந்தாள். அய்யனார் கோவில் அருவியில் தண்ணீர் வரத் தொடங்கும்போது முதலில் பாறை கறுப்பது மட்டும்தான் தெரியும். அப்படி நாங்கள் எல்லோரும் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உசுரு இருந்துச்சு," என்றார். "முழிச்சுப் பாத்தாக. தண்ணி கேட்டாக. ஆப்பரேஷன் பண்ணணும், குடுக்கக் கூடாதுன்னு நர்ஸம்மா சொல்லிருந்துச்சு. நான் குடுக்கல."

பிள்ளை இன்னும் பேசவில்லை.

"பொறவு சிரிச்சாக. ஒங்கிட்ட போயிக் கேட்டேன் பாரு, வீட்டுலயே ரெண்டு தடவ கேட்டாத்தான தருவ, அப்படின்னாக. அதான் அவிய பேசின கடைசிப் பேச்சு."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீரும் ஓடியது. யானைக் கதை சொன்னவள்தான், "இத்தன வருசமா ஏன்க்கா இதச் சொல்லல?" என்று கேட்டாள்.

"யாரு சொல்ல விட்டா? நான் ஆரம்பிச்சதுமே நீங்கள்லாம் முடிச்சிருவீகளே," என்றார். கோபமே இல்லை அந்தக் குரலில்.

இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டு, எழுதியதைப் படித்தும் காட்டினேன். "அவிய சொன்னது ரெண்டு தடவதான். ஆனா நெசத்துல மூணு தடவ கேட்டாத்தான் குடுப்பேன், அதையும் போடுங்க," என்றார். போட்டுவிட்டேன்.

சாகும் நேரத்தில் பெண்டாட்டியைக் கேலி செய்த ஒரு மனிதர் இத்தனை நாள் எங்கள் நடுவில் இருந்திருக்கிறார். எங்களுக்கு அவர் சாரத்திலிருந்து விழுந்தவர் மட்டும்தான். சாப்பாடு முடிந்து எல்லோரும் வேலைக்கு எழுந்தார்கள். பிள்ளை தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் அவளைப் புதிதாக வந்த யாரையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது தேர்வு ஸ்ரீவில்லிபுத்தூரில், கோர்ட்டுக்குப் பக்கத்தில் அவள் வேலை பழகுகிற வக்கீலம்மா ஆபீசில் நடந்தது. எங்கள் தெருவில் தறிச் சத்தத்துக்கு நடுவில் யாரிடமும் எதுவும் கேட்க முடியாது. துணைக்கு நானும் போயிருந்தேன். அவள் உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டாள். முன் அறையில் குமாஸ்தாவும் நானும். உள்ளே இவள் இங்கிலீஷில் என்னவோ கேட்டாள். ஒரு பெண் குரல் பதில் சொன்னது. இவள் மறுபடி கேட்டாள். குரல் கொஞ்சம் பேசி நின்றது. பிறகு ஒன்றுமே இல்லை.

குமாஸ்தா காதைத் தீட்டினார். செத்த நேரம் பார்த்தார். "நெட் போயிருச்சும்மா. மோடத்த ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணிருவோம்," என்று எழுந்து சுவிட்சில் கை வைத்தார்.

நான் அந்தக் கையைப் பிடித்துவிட்டேன். "வேண்டாம் அண்ணாச்சி. செத்த பொறுங்க."

"ஒரு சத்தமும் இல்லையே. பிள்ளைக்குப் பரீட்ச போயிரும்."

"கேட்டுக்கிட்டு இருக்கா," என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். எனக்கும் உறுதியாகத் தெரியாது. நிஜமாகவே நெட் போயிருந்தால் இவள் வாழ்க்கையை நான் கையால் பிடித்து நிறுத்தியிருக்கிறேன் என்று அர்த்தம். அவர் கையும் என் கையும் சுவிட்சிலேயே இருந்தன. அப்போது அந்தப் பெண் குரல் மறுபடி வந்தது. தாழ்ந்த குரல். தயங்கித் தயங்கி வந்து, பிறகு நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. எனக்கு இங்கிலீஷ் அட்டைப் பெட்டியில் அச்சடித்திருக்கிற அளவுக்குத்தான் தெரியும். ஆனால் யாரோ ஒருவர் தன் கதையைத் தானே கடைசி வரைக்கும் சொல்கிறார் என்பது தெரிந்தது. குமாஸ்தா கையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

திரும்பும்போது பஸ்ஸிலேயே மெயில் வந்துவிட்டது. எடுத்துக்கொண்டார்கள். எங்களுக்கு முன்சீட்டு, பின்சீட்டு எல்லாவற்றுக்கும் நானே அறிவித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா பிள்ளையின் கன்னத்தைத் தொட்டு நெட்டி முறித்தார். எல்லாம் அடங்கியபிறகு கேட்டேன், "அந்தப் பொம்பள அப்படி என்னத்தட்டி சொன்னா?"

"அது அவிய சொன்னது பெரியம்மா. நான் வெளிய சொல்லக் கூடாது."

"நடிச்சவதான ஏட்டி?"

"நடிச்சாலும்."

பக்கத்து அம்மா என் தோளில் இடித்து, "என்ன சொன்னாளாம்?" என்றார்.

"சொல்ல மாட்டாளாம்," என்றேன். மெயில் வந்ததைச் சொன்னபோதுகூட என் குரல் அவ்வளவு நிமிர்ந்திருக்கவில்லை.