பத்து விநாடிக்குள் ஏதாவது ஒரு பட்டன்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை அப்பா வெகுநாள் வரை முறைப்படி அணைத்ததே இல்லை. உப்பளத்தில் வேலை பார்த்தவர். கடல்காற்று எந்த இரும்பையும் விட்டுவைக்காது என்பது அவர் கட்சி. வேலை முடிந்த மறுநொடி சுவரிலுள்ள சுவிட்சைத் தட்டிவிட்டு, பழைய வேட்டியொன்றைப் போர்த்திவிடுவார். அதனால் மறுபடி போடும்போதெல்லாம் நீலத்திரை வரும். ஹார்ட் டிஸ்கைச் சோதிக்க வேண்டும், வேண்டாமென்றால் பத்து விநாடிக்குள் ஏதாவது ஒரு பட்டனை அழுத்து என்று ஆங்கிலத்தில் சொல்லும்.

அந்த இரண்டாவது பாதியைக் கண்டுபிடித்தவன் நான். எட்டாம் வகுப்பு வரை ஆங்கிலம் படித்ததில் கண்ட ஒரே பலன். தெருவில் என்னைக் கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்றார்கள். நானும் நம்பினேன்.

ஞாயிறுதோறும் மாதா கோயிலில் பூசை முடிந்ததும் அத்தை திரேஸ்புரத்திலிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வருவாள். மாமா தோணியில் மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோனவர். தோணியும் திரும்பவில்லை, அவரும் திரும்பவில்லை. அத்தை தாலியைக் கழற்றச் சம்மதிக்கவில்லை. மாமா கடைசியாக ஊருக்கு வந்தபோது தன் கேமராவிலிருந்து ஏற்றிவைத்த நாற்பது படங்கள் எங்கள் கம்ப்யூட்டரில் மட்டும் இருந்தன. கல்யாண ஆல்பத்தில் இருந்தவர் விறைத்துப்போன ஒரு மாப்பிள்ளை. மாமா சிரித்தது இவற்றில்தான். அதைப் பார்க்கத்தான் வருவாள்.

நீலத்திரையைக் கண்டால் அத்தை பதறுவாள். "ஏலே, அது என்னமோ பாக்கணுங்குது. பாத்துட்டுப் போவட்டும்" என்பாள். நான் பட்டனைத் தட்டுவேன். அவளைக் காக்கவைக்கக் கூடாது என்ற பெருந்தன்மை. இப்போது மருத்துவர் எழுதித்தரும் சோதனைகளையும் அதே பெருந்தன்மையோடுதான் தள்ளிப்போடுகிறேன்.

பிறகு அப்பாவைத் திருத்தி, ஒழுங்காக அணைக்கப் பழக்கினேன். அப்படியும் நீலத்திரை வந்தது. குற்றம் அப்பாவுடையது இல்லை என்று அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆனாலும் பட்டனைத் தட்டத்தான் செய்தேன்.

ஒரு ஞாயிறு, தோணியில் மாமா நிற்கும் படம் பாதியோடு நின்றது. இடுப்புக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். அடுத்த வாரம் இன்னும் சில படங்களில் அது கழுத்து வரை வந்திருந்தது. மூன்றாம் வாரம் கம்ப்யூட்டர் எழவே இல்லை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் அத்தையும் கடைக்குப் போனோம். கடைக்கார அண்ணாச்சி ஹார்ட் டிஸ்கை ஓடவிட்டுக் காதருகே வைத்துக் கேட்டார். கெட்டு மாதக்கணக்காகியிருக்கும், ஒரு படமும் தேறாது என்றார். சோதிக்க விட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும், படங்களை வேறிடத்தில் எடுத்துவைத்திருக்கலாமாம். என் பக்கம் திரும்பினார். "அது தெனமும் சொல்லிக்கிட்டுதான் இருந்திருக்கு. நீதாம்ல வாயப் பொத்தியிருக்க."

அடி விழும் என்று நின்றேன். அத்தை அவரிடம் ஒன்றுதான் கேட்டாள். விட்டிருந்தால் எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை என்றார் அவர்.

"அவ்வளவுதானா அண்ணாச்சி? நான் இருந்திருப்பேனே."

வரும் வழியில் எனக்குச் சர்பத் வாங்கித் தந்தாள். தப்பித்தோம் என்று நிம்மதியாகக் குடித்தேன். அத்தை அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பற்றித்தான் பேசினாள் என்பதில் எனக்கு அன்று துளியும் சந்தேகம் இருக்கவில்லை.