வலை தேய்க்கப்பட்டது

ஆயிரத்து இருநூறு மீன்குஞ்சுகளைக் கொன்றவன் நான். பழியைச் சேவியர் மேல் விழவிட்டவனும் நான்தான்.

ஓமானில் சோஹார் பக்கம் ஒரு பேரீச்சைத் தோட்டத்தில் நான் மேற்பார்வையாளன். பாசனத் தொட்டியில் வலைக்கூண்டு இறக்கி, ஜிலேபி மீன் குஞ்சுகளை விரல் நீளம் வளர்த்து, எங்கள் அரபு முதலாளியான கஃபீலின் பெரிய குளத்தில் விட வேண்டும். கூண்டு சேவியரின் பொறுப்பு; தூத்துக்குடிக் கடற்கரைக்காரன். நோட்டு என் பொறுப்பு. நீர்ச்சூடு, தீவனம், வலை தேய்த்தது... எல்லாம் நேரம் குறித்து எழுதுவேன். பதினெட்டு ஆண்டுகளில் ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது!

“அண்ணாச்சி, உங்க நோட்டப் பாத்துட்டுத்தான் சூரியனே உதிக்குது போல!” என்பான் சேவியர்.

அந்த வியாழக்கிழமை சொன்னான்: “நாளைக்கு வெள்ளி லீவுதான, நான் கோயிலுக்குப் போயிருவேன். வலைய மட்டும் தேச்சு விட்டுருங்க. பாசி கண்ண அடைச்சிட்டுன்னா குஞ்சு மூச்சு முட்டிச் செத்துரும்.”

எனக்குத் தெரியாதா? எரிச்சலோடு தலையாட்டினேன். அப்போதே வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் எழுதியும் வைத்தேன்: ‘காலை 9.00. வலை தேய்க்கப்பட்டது.’ முன்கூட்டியே எழுதினால் பக்கம் சுத்தமாக இருக்கும் என்பது என் வழக்கம். நீங்கள் சிரிக்கலாம்...

வெள்ளியன்று நான் என்ன செய்தேன் தெரியுமா? அறையில் ஏசியைப் போட்டுக்கொண்டு, அடுத்த நோட்டுக்கு அளவுகோல் வைத்துக் கோடு போட்டேன்! கால் மணி நேர வேலை அது, ஏன் போகவில்லை? எழுதிவிட்டதாலேயே செய்து முடித்தது போல் தோன்றிவிட்டது.

மாலையில் திரும்பிய சேவியர், “தேச்சாச்சா?” என்றான். வாயைத் திறந்து பொய் சொல்ல வரவில்லை. நோட்டை நீட்டினேன். பார்த்துவிட்டுத் தீவனம் போடப் போனான்.

சனிக்கிழமை விடிந்ததும் தொட்டிக்கு முதலில் போனவன் நான். குஞ்சுகள் வெள்ளை வயிறு காட்டி மிதந்தன. உங்களிடம் மறைத்து என்ன பயன்? நான் யாரையும் கூப்பிடவில்லை. பிரஷ்ஷை எடுத்தேன். செத்த மீன்களுக்கு நடுவே கையை விட்டு, நான்கு பக்கமும் பாசி போகத் தேய்த்தேன். அதற்குப் பிறகுதான் கத்தினேன்!

கஃபீல் வந்தார். வலையைப் பார்த்தார், சுத்தம். நோட்டைப் பார்த்தார், அதுவும் சுத்தம். மிச்சமிருந்தது சேவியர் போட்ட தீவனம்தான். அதிகமாகப் போட்டுத் தண்ணீரைக் கெடுத்துவிட்டான் என்று முடிவாயிற்று.

“கலாஸ்! மச்லி மாஃபி, லீவ் மாஃபி!” மீன் இல்லையா, லீவும் இல்லை என்று முடித்துவிட்டார் கஃபீல்.

அடுத்த மாதம் சேவியரின் மகளுக்குப் புதுநன்மை. முதல் நற்கருணை வாங்கும் பிள்ளையின் பக்கத்தில் நிற்பதற்காகவே இரண்டு வருட லீவைச் சேர்த்து வைத்திருந்தான். புதுக் குஞ்சுகள் வளரும்வரை அது கிடையாது... வெள்ளைக் கவுனில் நின்ற மகளை, தொட்டி விளிம்பில் உட்கார்ந்து போனில் பார்த்தான்.

என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவன் சொன்னதோ இதுதான்:

“உங்க நோட்டு தப்பா இருக்காது அண்ணாச்சி. நாந்தான் கோயிலுக்குப் போய்ட்டு வந்த அவசரத்துல ரெண்டு பிடி கூடப் போட்டிருப்பேன்.”

போடவில்லையடா, முட்டாள்! நீ அளந்து போட்டதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்! அதைச் சொல்லாமல் நோட்டைத் திறந்து அன்றைய நீர்ச்சூட்டை எழுதினேன்.

இப்போது தீவனம் போடும் முன் அளவு டப்பாவைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வருகிறான், காலையும் மாலையும்.

“சரிதான அண்ணாச்சி?”

எட்டிப் பார்க்கிறேன். சரி என்கிறேன். நேரத்தையும் எழுதிக்கொள்கிறேன்.