என் மகள் விழுந்த விதம்

பொம்மைப் படங்கள் எடுக்கும் ஒரு செக் நாட்டுப் பெண்மணியிடம், பொம்மைகளுக்கு உடுப்புத் தைக்கச் சேர்ந்தபோது என் மகளுக்குப் பத்து மாதம். ஹம்பேர்க்கில் எந்தப் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்திலும் இடம் கிடைக்கவில்லை. பிள்ளையையும் கூட்டிவரலாம் என்று அவர் சொன்னதைப் பெருந்தன்மை என்று நினைத்தேன். ஆறு மாத ஒப்பந்தம். அது நிரந்தரமாக வேண்டும் என்பதைத் தவிர அப்போது எனக்கு வேறு எண்ணமே இல்லை.

தன் கதையை அவர் ஒவ்வொரு பேட்டியிலும் சொல்வார். பிராக்கில் பொம்மலாட்டம் படித்தது, தொலைக்காட்சியின் குழந்தைப் படங்களுக்குப் பொம்மைகளை அசைத்தது, அவற்றை எடுத்த ஸ்டூடியோ மூடப்பட்டது, இரண்டு பெட்டிப் பொம்மைகளோடு ஜெர்மனிக்கு வந்தது. இங்கே பல வருடம் விளம்பரங்களுக்காகப் பற்பசையையும் சீஸ் கட்டிகளையும் நடக்கவைத்தார். பிறகுதான் சொந்தப் படங்கள், விருதுகள். நான் சேர்ந்தபோது அவர் எடுத்துக்கொண்டிருந்த படம், நடை பழகும் குழந்தையைப் பற்றியது. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. என் மகளை ஏன் வரச்சொன்னார் என்பது எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும்.

பொம்மைக்குள் உருக்கு எலும்பு. அதன் காலைத் திருகாணியால் மேசையோடு பூட்டி, மயிரளவு அசைத்து ஒரு புகைப்படம், மறுபடி அசைத்து இன்னொன்று என்று எடுப்போம். திரையில் ஒரு வினாடி ஓடப் பன்னிரண்டு படம் வேண்டும். அதனால் அங்கே எல்லோரும் எதைப் பார்த்தாலும் அது எத்தனை படம் என்று மனதுக்குள் எண்ணுவோம். கதவு சாத்துவது எட்டு. கொட்டாவி முப்பது.

நான்காவது மாதம் ஒரு நாள், மகள் மேசைக்காலை விட்டுவிட்டுத் தனியாக நின்றாள். அவர் கமராவை ஓடவிட்டார்.

"கூப்பிடு. ஆனால் தொடாதே."

"வாங்கோ செல்லம், அம்மாட்டை வாங்கோ" என்றேன்.

நான்கு அடி வைத்தாள். ஐந்தாவதில் சரிந்தாள். கையை ஊன்றாமல், யாரோ தூக்கப்போகிறார்கள் என்பதுபோல இரண்டு கைகளையும் உயர்த்தியபடி விழுந்தாள். மேசை விளிம்பில் உதடு வெடித்தது.

"ஒன்பது" என்றார் அவர்.

"பத்து" என்றேன் நான். அதற்குப் பிறகுதான் பிள்ளையைத் தூக்கினேன்.

எண்ணாமல் இருந்திருந்தால் பிடித்திருப்பேனா? எட்டாவது எண்ணிலாவது கை நீட்டியிருக்கலாமே? இன்னும் யோசிக்கிறேன். அவர் பதிவைப் போட்டுப் பார்த்தார். பத்துத்தான். "உனக்குக் கண் இருக்கிறது" என்றார். அடுத்த கிழமை நிரந்தர ஒப்பந்தம் வந்தது. கையெழுத்திட்டேன்.

படியில் விழுந்துவிட்டாள் என்று வீட்டில் சொன்னேன். "பிள்ளையை வைச்சுக்கொண்டு இப்பிடிக் கவனமில்லாமல் இருக்கிறீரே" என்றார் கணவர். அது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. கவனக்குறைவு எவ்வளவு சிறிய குற்றம்.

அடுத்த வருடம் படத்தைத் திரையிட்டபோது கணவர், மகள், நான் மூவரும் போனோம். பொம்மை நான்கு அடி வைத்து, கைகளை உயர்த்தியபடி விழுந்தது. அரங்கம் சிரித்தது. மகளும் சிரித்தாள். கணவர் சிரிக்கவில்லை.

"இப்பிடிக் கையைத் தூக்கிக்கொண்டு விழுறது எங்கட பிள்ளைதான்" என்றார் மெதுவாக. "படியிலை எண்டெல்லோ சொன்னனீர்?"

"ஓம்."

"அப்ப இந்தப் படம் எடுத்த மனிசி எப்பிடிப் பார்த்தவ?"

"கமரா ஓடினது."

"நீர் எங்கை நிண்டனீர்?"

"பக்கத்திலை."

கணவர் மகளுக்கு ஜாக்கெட்டைப் போட்டுத் தூக்கிக்கொண்டு வெளியேறினார். பின்னால் போக எழுந்தேன். ஆனால் படம் முடிந்ததும் பொம்மையை மேடைக்குக் கொண்டுபோவது என் வேலை.

குழந்தை விழுவதை எப்படி இவ்வளவு சரியாகப் பிடித்தீர்கள் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"பொறுமை" என்றார் அந்தப் பெண்மணி.

நான் பொம்மையின் சட்டையை இழுத்து நேராக்கி அவர் கையில் கொடுத்தேன்.