ரங்கத்துக்குப் பத்திரிகை வைக்கப் போனோம்

வாய் மட்டும் இல்லாவிட்டால் இவளை நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று என் தோழியைப் பற்றி அவள் கணவரே சொல்வார். அந்த வாய்தான் அவளுக்கும் அவள் அண்ணனுக்கும் நடுவில் ஐந்து வருஷமாகக் குறுக்கே நின்றது. நாங்கள் இருப்பது போர்ட் பிளேர். அண்ணன் காடும் கடலும் தாண்டி ரங்கத்தில் புது வீடு கட்டினார். பால் காய்ச்சும் நாளுக்குக் குடும்ப குரூப்பில் வீட்டின் படத்தைப் போட்டு, கீழே 'அனைவரும் வருக' என்று எழுதிவிட்டார். மற்றவர்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, போய்ச் சாப்பிட்டு வந்தார்கள். இவள் மட்டும், "கூடப் பொறந்தவள குரூப்புலயா கூப்பிடுதது? நான் என்ன கட்சிக் கூட்டத்துக்கா போறேன்?" என்று குரூப்பை விட்டு விலகி, அண்ணன் நம்பரையும் பிளாக் செய்துவிட்டாள். அந்த வாசலை அவள் மிதிக்கவே இல்லை.

இப்போது அவள் மகளுக்குக் கல்யாணம். மாதா கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலையும் வாசித்தாயிற்று. அவர்கள் வீட்டு வழக்கத்தில் தாய்மாமன்தான் பெண்ணின் கையைப் பிடித்துக் கோவில் வாசல்வரை கூட்டிவர வேண்டும். மாமன் வராவிட்டால் ஊர் என்ன பேசும் என்று ஒரு வாரமாக என் காதைத் தின்றாள்.

"ஊரை விடுடி. உனக்கு அண்ணன் வேணுமா, வேண்டாமா?" என்றேன்.

"வேணும்டி" என்றாள். மின்னி பே கடலோரத்தில் நாலு பேர் பார்க்க அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்ததும் பழைய ஆளாகிவிட்டாள். "ஒரு பத்திரிகைய எப்படி வைக்கணும்னு அவருக்குக் காட்டுதேன் பாரு."

புருஷன் பெண்டாட்டியாகப் போய் வைப்பதுதான் முறை. துறைமுகத்தில் வேலை பார்க்கும் அவள் கணவர், லீவு கிடைக்கவில்லை என்று கூசாமல் பொய் சொன்னார். அண்ணன் தங்கை சண்டைக்கு நடுவில் போனவன் தலைதான் முதலில் உருளும் என்று மனிதருக்குத் தெரியும். அந்தப் புத்தி இல்லாத நான் போனேன். கார் அவளுடையது, ஓட்டுவதும் அவள். பின் சீட்டில் எவர்சில்வர் தட்டு, வெற்றிலை, பழம், பத்திரிகை. தட்டுக்கு சீட் பெல்ட் போட்டிருந்தாள். என்னைப் போடச் சொல்லவில்லை.

"ஒரு போன் பண்ணிட்டுப் போவோம்டி" என்றேன்.

"கூறு இருக்கா உனக்கு? போன் பண்ணிட்டுப் போனா போன்ல கூப்பிட்ட மாதிரி ஆயிராதா?"

இதற்குப் பதில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

போகிற வழியில் சௌல்தாரியில் அவள் சித்தி வீட்டில் இறங்கினோம். சித்தி டீ கொடுத்து, மாப்பிள்ளை மெயின்லேண்டா, இங்கத்த ஆளா என்று விசாரித்தார். மெயின்லேண்ட் என்றதும் முறுக்கும் வந்தது. தீவிலேயே பிறந்து வளர்ந்த மாப்பிள்ளைக்கு டீயோடு சரி போலிருக்கிறது.

ஜிர்காடாங் செக்போஸ்டில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, போலீஸ் துணையோடு, பழங்குடிகளுக்காகப் பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள் கான்வாயாக அனுப்புவார்கள். நடுவில் நிற்கக்கூடாது, முந்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது. எங்களுக்கு முன்னால் போன டூரிஸ்ட் வண்டியில் ஜன்னலுக்கு ஒரு கழுத்து நீண்டிருந்தது. காட்டில் வாழ்கிறவர்கள் இவர்களுக்குப் பத்திரிகை வைத்ததாக நான் கேள்விப்படவில்லை. எங்களுக்கும்தான் வைக்கவில்லை. நாங்களும் போய்க்கொண்டுதான் இருந்தோம்.

பாதிக் காட்டில் எதிர்க் கான்வாய் வந்தது. எதிரே வண்டி வந்தால் என் தோழி ரோட்டைத் தவிர வேறெதையும் பார்க்க மாட்டாள். ஒரு ஜீப்பிலிருந்து யாரோ ஒரு ஆள் பாதி உடம்பை வெளியே நீட்டி, கையை ஆட்டி, என்னவோ கத்திக்கொண்டு போனார்.

"யாரோ கூப்பிடுறாங்கடி."

"காலையிலயே ஊத்திட்டு வாரான். பாக்காத" என்று கண்ணாடியை ஏற்றினாள்.

படகில் காரை ஏற்றி அக்கரை இறங்கி, பாராடாங், கதம்தலா தாண்டுவதற்குள் என் இடுப்பு கழன்றுவிட்டது. ரங்கத் நெருங்க நெருங்க அவள் வாய் அடங்கியது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"கதவ மூஞ்சில சாத்திட்டார்னா?" என்றாள்.

"சாத்தினா நான் எட்டி உதைக்கிறேன்."

"உன் கால்தான் ஒடியும். படாக் மரக் கதவு. போட்டோவுல பாத்தேன்."

"அதையெல்லாம் பார்த்தியாக்கும்?"

ஆளில்லாத ரோட்டில் ஹாரன் அடித்தாள்.

கதவு சாத்தித்தான் இருந்தது. பூட்டும் தொங்கியது. தட்டை ஏந்திக்கொண்டு பூட்டுக்கு முன்னால் நின்றாள். பக்கத்து வீட்டு வங்காளி அம்மா எட்டிப் பார்த்தார். "பையா, பாபி தோனோ சுபே நிக்கல் கயா. ஜீப் மே. போர்ட் பிளேர்." அண்ணனும் அண்ணியும் காலையிலேயே ஜீப்பில் போய்விட்டார்களாம். ஜீப் என்றதும் நாங்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தோம்.

அந்நேரம் அவள் கணவர் நம்பரிலிருந்து போன். கை நிறையத் தட்டு இருந்ததால் நான்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். பேசியது அண்ணன்.

"ஏட்டி, தொண்ட கிழியக் கத்துதேன், கண்ணாடிய ஏத்திட்டா போற?"

"அண்ணே! எங்க வீட்டுல என்ன பண்ணுதிய?"

"உன்னப் பால் காய்ச்சக் கூப்பிட வந்தேன். தட்டோட வந்திருக்கேன்." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "நீ என் வாசல மிதிக்காம, எந்த மூஞ்சிய வச்சிட்டு உன் மவ கையப் பிடிப்பேன்? போன்ல சொன்னா அதுக்கும் நீ கோவிப்பன்னுதான் சொல்லாம வந்தேன்."

இவள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அதே சமயம் அண்ணனையும் தங்கையையும் ஒரே மரத்தில் கட்டிவைத்து உதைக்க வேண்டும் போலவும் இருந்தது.

"அழாதட்டி. சாவி பக்கத்து வீட்டுல இருக்கு. தொறந்து பால் காய்ச்சு."

அடுப்படியில் பால் இல்லை. பால் பவுடர்தான் இருந்தது. கரைத்து வைத்தோம். "பவுடர் பொங்குமாட்டி?" என்று கவலைப்பட்டாள்.

"உங்க குடும்பத்துல எதுதான் பொங்கல?" என்றேன்.

பொங்கியது. பொங்கி அடுப்பையும் அணைத்தது. வங்காளி அம்மா, என்ன விசேஷம் என்று தெரியாமலே, அவர் ஊர் வழக்கப்படி நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டார். ஐந்து வருஷம் தள்ளி நடந்த அந்தப் பால் காய்ச்சலுக்கு நாங்கள் மூன்று பேர்தான் விருந்தாளிகள்.

பிறகு என் தோழி முந்தானையைச் சரிசெய்துகொண்டு, அண்ணன் உட்காரும் நாற்காலியை ஹால் நடுவில் போட்டு, அதன்மேல் போனை வைத்தாள். தட்டை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"அண்ணே, மவளுக்குக் கல்யாணம். அண்ணியோட கட்டாயம் எங்க வீட்டுக்கு வந்துரணும்."

"வந்துதான் உக்காந்திருக்கோம்" என்றது நாற்காலி. "ஏட்டி, நீ எப்ப வருவ?"