ஜமால் பாய்க்குத் தடவிய இலை

1. ஸ்கின் ஓ.பி.

சர்ஜிக்கல் வார்டிலிருந்து என்னை ஸ்கின் ஓ.பி.க்கு மாற்றியபோது கூட வேலை பார்த்த நர்ஸுகள் எல்லோரும் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஸ்கின்னில் யாரும் சாகவும் மாட்டார்கள், யாருக்கும் முழுசாகக் குணமும் ஆகாது, நிம்மதியாக ரிட்டயர் ஆகலாம் என்றார்கள். எங்கள் தொழிலில் இது பழைய கிண்டல். நானும் அதை நம்பித்தான் போனேன்.

தாம்பரத்தில் இருந்தது அந்த ஆஸ்பத்திரி. மேடவாக்கம், திருநீர்மலை, பல்லாவரம் என்று சுற்றுவட்டாரம் முழுக்க எங்களிடம்தான் வரும். முதல் நாளே ஒரு ஆட்டோக்காரர் வந்தார். கன்னத்தில் இருந்த படர்தாமரைக்கு எருக்கம்பால் வைத்திருக்கிறார். பால் வழிந்து கண்ணுக்குள் போய்விட்டது. கண்ணைத் திறக்கவே முடியவில்லை. அவரைக் கண் டாக்டரிடம் அனுப்பிவிட்டு எங்கள் சீஃப் டாக்டரம்மா ஓ.பி. முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார்.

"தழையைத் தடவிட்டு வர்றவங்க யாரா இருந்தாலும் அப்படியே வீட்டுக்குக் கெளம்புங்க. நான் பாக்க மாட்டேன்."

சீஃப் கெட்டிக்கார டாக்டர். தோலைத் தூரத்திலிருந்து பார்த்தே வியாதியைச் சொல்லிவிடுவார். ஏழைகளிடம் கனிவும் உண்டு, சாம்பிள் மருந்தையெல்லாம் எடுத்து வைத்து இல்லாதவர்களுக்குக் கொடுப்பார். ஆனால் இலை, தழை, மஞ்சள், சுண்ணாம்பு என்றால் மட்டும் சாமி வந்துவிடும். அவர் கோபத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். எருக்கம்பாலில் பார்வை போனவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

கொஞ்ச நாளில், நம் ஓ.பி.க்கு இப்போது யாரும் தழை தடவிக்கொண்டு வருவதில்லை, கத்தினால்தான் ஜனங்களுக்குப் புத்தி வருகிறது என்று சீஃப் பெருமையாகச் சொல்லத் தொடங்கினார். நான் வாயைத் திறக்கவில்லை. பேஷன்ட்டுகளின் டாய்லெட்டில் இருந்த வாஷ்பேசினை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. காலையில் ஓ.பி. ஆரம்பிக்கும்போது அது பச்சையும் மஞ்சளுமாக இருக்கும். டோக்கன் வாங்கியதும் எல்லோரும் அங்கே போய் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பெஞ்சில் உட்காருவார்கள். அக்கி என்று குயவரிடம் காவி எழுதிக்கொண்டவர்கள்கூட அதை அழித்துவிட்டு வந்தார்கள். அதைக் கழுவித் தள்ளுவதே ஆயாவுக்குத் தனி வேலையாக இருந்தது.

2. விஷப்பூண்டு

ஜமால் பாய் மேடவாக்கத்துக்காரர். நிலம் அளக்கிற ஒரு பிரைவேட் சர்வேயரிடம் வேலை. மனை அளக்கும்போது டேப் பிடிப்பது, கல் நடுவது, புதரை வெட்டி வழி செய்வது எல்லாம் அவர்தான். ஐம்பது வயதுக்குப் பக்கம், சுகர் உண்டு. முதல் தடவை வந்தபோது கண் இமை இரண்டும் வீங்கி, கழுத்தைச் சுற்றி, முழங்கை மடிப்பில் எல்லாம் தோல் தடித்துக் கறுத்திருந்தது. சொறிந்து சொறிந்து அங்கங்கே நீர் வடிந்தது.

சீஃப் பார்த்ததுமே பார்த்தீனியம் என்றார். காலி மனையில் இடுப்பளவுக்கு வெள்ளையாகப் பூத்துக்கொண்டு நிற்குமே, விஷப்பூண்டு என்று சொல்வார்களே, அந்தச் செடி. தொட்டால்தான் என்றில்லை. ஒத்துக்கொள்ளாத உடம்பு என்றால் அதன் தூசி காற்றில் வந்து பட்டாலே போதும். வீக்கம் வடிந்த பிறகு முதுகில் பேட்ச் டெஸ்ட் வைத்தோம். அது என் வேலை. ஸ்டிக்கரில் மருந்துப் பொட்டுகளை வைத்து ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பார்க்க வேண்டும். பார்த்தீனியம் வைத்த இடம் மட்டும் கொப்புளித்துக் கிடந்தது.

அந்த வேலையை விட்டுவிட வேண்டும் என்று சீஃப் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பாய் முதலில் தயங்கினார். பிறகு சர்வேயரிடம் பேசி ஆபீஸிலேயே உட்கார்ந்து பிளான் காப்பி எடுக்கிற வேலைக்கு மாறிக்கொண்டார். ஸ்டீராய்டு மாத்திரை, களிம்பு, வீட்டில் ஜன்னல் சாத்தியே இருக்க வேண்டும் என்று எல்லாம் எழுதிக் கொடுத்தோம். அவர் மனைவி மெஹர்தான் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொள்வார். எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால், எது பின்னால் என்று அட்டையிலேயே பேனாவால் கோடு போட்டு வைத்துக்கொள்வார். இப்படிக் கூட இருந்து பார்த்துக்கொள்ள ஒருத்தர் எல்லா பேஷன்ட்டுக்கும் கிடைக்கக் கூடாதா என்று நான் நினைத்ததுண்டு.

அப்படியும் அவருக்குக் கேட்கவில்லை. வார்டில் அட்மிட் செய்தால் ஒரு வாரத்தில் தோல் அடங்கிவிடும். சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவார். திரும்பி வரும்போது முன்னைவிட மோசமாக இருப்பார். மூன்றாவது தடவை வந்தபோது நெஞ்சு, முதுகு, தொடை என்று உடம்பு முழுக்கச் சிவந்து உரிந்துகொண்டிருந்தது. சட்டைக்கு உள்ளே இருக்கிற இடங்கள் இவை. காற்றில் வருகிற தூசி அங்கே எப்படிப் போகும்?

திருட்டுத்தனமாகச் சைட்டுக்குப் போகிறார் என்று சீஃப் முடிவு கட்டிவிட்டார். "பொய் சொன்னா நஷ்டம் எனக்கில்ல பாய், உங்களுக்குத்தான்" என்றார். பாய் அல்லா மேல் ஆணையாகப் போகவில்லை என்றார். அவர் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார். தோல் முழுக்க உரிந்துவிட்டால் உடம்பு சூட்டைப் பிடித்து வைக்காது. கிருமி உள்ளே போவதற்குத் தடுப்பும் கிடையாது. அதோடு சுகரும் இருந்தது. ஸ்கின்னில் யாரும் சாக மாட்டார்கள் என்று சொன்னவர்கள் மேல் எனக்கு அன்றைக்குத்தான் ஆத்திரம் வந்தது. இந்த மனுஷன் பிழைக்க வேண்டுமே என்று பயந்துவிட்டேன்.

3. மெஹரின் கை

அன்றைக்கே அட்மிஷன் எழுதினார் சீஃப். பாய்க்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க வேண்டியிருந்தது. அவரை உள்ளே அனுப்பிவிட்டு மாத்திரைகளை மெஹரிடம் கொடுத்தபோது கையைப் பார்த்தேன். வலது கை விரலிடுக்கெல்லாம் தடித்து வெடித்திருந்தது. துணி சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றார். துணி சோப்பு என்றால் இரண்டு கையிலும் அல்லவா வரும்?

டிரஸ்ஸிங் ரூமுக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். நான் திட்ட மாட்டேன், டாக்டரிடம் மாட்டிவிடவும் மாட்டேன், பாய்க்கு வீட்டில் என்ன தடவுகிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். மெஹர் தலையைக் குனிந்துகொண்டார்.

"மாசிபத்திரி சிஸ்டர். பக்கத்து வூட்டு அக்கா சொன்னாங்க, போன்ல போட்டோவும் காட்டினாங்க. எங்க வூட்டுக்குப் பின்னாடி காலி மனைல நெறைய கீது."

தினம் சாயந்திரம் தொழுகை முடிந்ததும் ஒரு கொத்து பறித்துவந்து அம்மியில் அரைப்பாராம். கழுத்திலிருந்து கால் வரைக்கும் பூசிவிட்டு, காய்கிற வரைக்கும் பாய் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாராம். ரிவ்யூவுக்கு வருகிற அன்று மட்டும் விடியற்காலையில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுக் கூட்டிவருவாராம். கையில் வந்தது அவரிடமிருந்து ஒட்டிக்கொண்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அதனால் பிள்ளைகளைத் தொட விடாமல் எல்லாவற்றையும் தானே செய்திருக்கிறார்.

மாசிபத்திரி பூமாலையில் வைத்துக் கட்டுகிற வாசனைத் தழை. மேடவாக்கத்துக் காலி மனையில் அது கொத்துக் கொத்தாக எங்கே முளைக்கப் போகிறது? ஆனால் போட்டோவில் பார்த்தால் அதன் இலையும் பார்த்தீனியம் இலையும் ஏறக்குறைய ஒன்றுதான். போட்டோவில் வாசனை தெரியாதே. இருந்தாலும் கண்ணால் பார்க்காமல் நான் எதையும் சொல்லக் கூடாது. இனிமேல் அதைத் தொடவே வேண்டாம், நாளைக்கு ஒரு கொத்து கவரில் போட்டு முடிச்சுப் போட்டுக் கொண்டுவாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

மாட்டிவிட மாட்டேன் என்று சொல்லியிருந்தாலும், பாயின் உயிர் விஷயம் என்பதால் சீஃபிடமும் போய்ச் சொன்னேன். முதல் நாளே இதை ஏன் சொல்லவில்லை என்று அவர் மெஹர் மேல் பாய்ந்தார். "நீங்க சொல்ல விடலையே மேடம்" என்றேன். இத்தனை வருஷ சர்வீஸில் ஒரு டாக்டரிடம் நான் அப்படிப் பேசியதில்லை. அவர் எழுந்து நேராக வார்டுக்குப் போனார்.

அன்று மாலையே பாய்க்குக் காய்ச்சல் ஏறியது. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டிருந்தது. சிட்டியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது போர்வை தோலில் ஒட்டிக்கொண்டு வந்தது. அவர் முனகினாரே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வாரக் கடைசியில் இறந்துவிட்டார் என்று வார்டுக்குப் போன் வந்தது. சீஃப் அன்றைக்கு ஓ.பி.யைப் பாதியில் நிறுத்திவிட்டு ரூமுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். நான் பெஞ்சில் இருந்தவர்களை நாளைக்கு வரச்சொல்லி அனுப்பினேன்.

4. கவர்

சில மாதம் கழித்து மெஹர் வந்தார். தன் கையைக் காட்ட வந்திருந்தார். இப்போது இரண்டு கையிலும் பரவியிருந்தது. அவரைத் தேடிப் பெஞ்சுக்குப் போனபோது, அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். அந்த அம்மாவுக்குக் கழுத்தெல்லாம் அரிப்பு. மெஹர் அவருக்கு இலை வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக்காரருக்கு நன்றாகத்தான் கேட்டது, இங்கே வந்து மாத்திரை சாப்பிட்டுத்தான் முற்றிவிட்டது, வேண்டுமென்றால் எங்கள் வீட்டுப் பக்கம் வாருங்கள், பறித்துத் தருகிறேன் என்று.

டிரஸ்ஸிங் ரூமுக்கு அழைத்தேன். உட்கார்ந்ததும் பையிலிருந்து முடிச்சுப் போட்ட பாலிதீன் கவரை எடுத்துக் கொடுத்தார். நீங்கள் கேட்டீர்களே, அப்போது கொண்டுவர முடியவில்லை என்றார். பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை. வெளியிலிருந்தே வெள்ளைப் பூ தெரிந்தது.

ஒரு நிமிஷம் சொல்லாமலே விட்டுவிடலாமா என்றிருந்தது. செத்தவர் செத்துவிட்டார். இந்தப் பெண்ணின் நெஞ்சில் இதை ஏற்றி என்ன ஆகப்போகிறது? ஆனால் வெளியே ஒருத்தி அந்த இலைக்காகக் காத்துக்கொண்டிருக்கிறாள். இவருடைய கை இரண்டும் என் முன்னால் வெடித்துக் கிடக்கின்றன. வீட்டில் பிள்ளைகள் வேறு. சொன்னேன். இது மாசிபத்திரி இல்லை, பாய்க்கு ஆகாது என்று நாங்கள் சொன்ன அதே செடிதான் என்றேன். தெரிந்து செய்யவில்லை, உங்கள் மேல் தப்பில்லை என்றும் சொன்னேன். அது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

மெஹர் அழவில்லை. கவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எரியுது, போதும் மெஹருன்னு சொல்லிகினே இருந்தாரு சிஸ்டர். எரிஞ்சாதான் மருந்து புடிக்குதுன்னு நான்தான் அவரு கையப் புடிச்சிகினு பூசுனேன்."

முப்பது வருஷமாக டெட்டால் வைக்கும்போது நாங்களும் அதைத்தானே சொல்லியிருக்கிறோம். எரியட்டும், எரிந்தால்தான் ஆறும் என்று. களிம்பை எடுத்து அவர் விரலிடுக்கில் தடவினேன். வேறு என்ன செய்ய?

இப்போது புதிதாக வேலைக்கு வருகிற பெண்களுக்கு நான் ஒன்றுதான் சொல்வேன். பேஷன்ட்டிடம் என்ன செய்கிறது என்று கேட்பதற்கு முன்னால் என்ன தடவினீர்கள் என்று கேளுங்கள். சாப்பிட்டீர்களா என்று கேட்கிற குரலில் கேளுங்கள். தழை தடவினார் என்பதற்காக ஒருத்தரையும் அதட்டாதீர்கள். அதட்டினால் தழையை விட மாட்டார்கள், உங்களிடம் சொல்வதைத்தான் விடுவார்கள்.

அன்றைக்கு மெஹர் களிம்பு காய்வதற்கு முன்பே எழுந்துவிட்டார். அந்த அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் உட்காருங்கள் என்று தடுத்தேன். கேட்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு நேராகப் பெஞ்சுக்குப் போனார். அந்த அம்மா நகர்ந்து இடம் கொடுத்தார். மெஹர் உட்காரவில்லை. அத்தனை பேர் நடுவில் நின்றுகொண்டே சொன்னார்.

"அக்கா, அந்த எலை வேணாம். அதனாலதான் எங்க வூட்டுக்காரரு போய்ட்டாரு. நான்தான் பூசுனேன்."