மாதாவுக்கு நேர்ந்த கிற்றார்

சூடேறிய தூசியின் மணம் எங்கே வந்தாலும் எனக்கு அக்காவின் கிற்றார்தான் நினைவுக்கு வரும். ஊரைவிட்டு வந்து மோர்னிங்சைட்டில் ஓர் அடுக்குமாடியின் பத்தாம் மாடியில் நாங்கள் இருந்த காலம், சனிக்கிழமைக் காலைகளில் அம்மா மீன் பொரிக்க, அக்கா அந்தப் பழைய ஒலிபெருக்கிப் பெட்டியைப் போட்டுவிட்டுக் காத்திருப்பாள். அது முதலில் மணக்கும், பிறகு உறுமும், அதற்குப் பிறகே கிற்றார் வாய் திறக்கும். டோனட் கடையில் ஒரு கோடை முழுக்கக் கால் கடுக்க நின்று அவள் வாங்கிய சிவப்புக் கிற்றார். அவளுக்குப் பதினேழு வயது, எனக்குப் பதினொன்று.

அப்பா அதை "வெள்ளைக்காரன்ர கூச்சல்" என்பார். அது பிழை என்று அக்காவுக்குத் தெரியும், ஏனென்றால் அந்த வருடம் பள்ளிக்கூடத்துக்காக றொக் அன் றோல் பிறந்த கதையைத்தான் அவள் கட்டுரையாக எழுதிக்கொண்டிருந்தாள். அமெரிக்காவின் தெற்கே கறுப்பின மக்கள் கோயிலில் கைதட்டிப் பாடிய பாட்டும், வெளியே தங்கள் துயரத்தைப் பாடிய பாட்டும் கலந்து வந்ததாம் அது. வெள்ளைப் பிள்ளைகள் கதவைச் சாத்திக்கொண்டு அதை வானொலியில் கேட்க, தாய்தகப்பன்மார் பிள்ளைகள் கெட்டுப்போச்சுது என்று தலையில் கைவைத்தார்களாம். எனக்குப் பிடித்தது கயிற்றுக் கதை: நடன மண்டபங்களில் கறுப்பரையும் வெள்ளையரையும் பிரிக்க நடுவில் கயிறு கட்டியிருப்பார்களாம், பாட்டுச் சூடுபிடித்ததும் பிள்ளைகள் அதைத் தாண்டி ஒன்றாக ஆடிவிடுவார்களாம். இதை அக்கா தமிழில் சொல்லக் கேட்ட அம்மா, "ஊரிலயும் கயிறு இருந்ததுதான், கண்ணுக்குத் தெரியேல்லை" என்று சொல்லிவிட்டு மீனைத் திருப்பிப் போட்டார்.

பள்ளிக்கூட இசை விழாவில் அக்கா மூன்று தோழிகளோடு கிற்றார் வாசிக்க மேடையேற இருந்தாள். ஆறு மாதமாக அவள் சாப்பிட்டதும் தூங்கியதும் அந்த நினைப்போடுதான். கீழ்மாடி அன்ரி ஒருத்தி லிஃப்டில் வைத்து, "பொம்பிளைப் பிள்ளை உதோட மேடையில நிக்கப் போகுதாமே" என்று அப்பாவிடம் கேட்டுவிட்டார். "உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூடேலாது" என்று அப்பா வீட்டுக்கு வந்து சொன்னார்.

விழாவுக்கு ஒரு கிழமை இருக்க, அக்காவுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த கடிதம் வந்தது. அன்று அவள் வேலையில் நின்ற நேரம் பார்த்து, அப்பா கிற்றாரைக் கொண்டுபோய் எங்கள் மாதா கோயிலில் கொடுத்துவிட்டார். பிள்ளைக்கு இடம் கிடைத்தால் அவளுடைய ஆசைப்பொருளைத் தருவதாக நேர்ந்திருந்தாராம். எங்கள் ஊரில் கோழி நேர்வார்கள், ஆடு நேர்வார்கள், காதுத்தோட்டைக்கூட நேர்வார்கள்; மின்சாரக் கிற்றார் நேர்ந்தவர் இவர் ஒருவராகத்தான் இருக்கும். நேர்ந்ததைத் திருப்பிக் கேட்டால் குடும்பத்துக்குக் கூடாது. மாதாவோடு யார் வழக்காடுவது? அப்பா மேல் அன்று வந்த ஆத்திரம் எனக்கு இன்றும் முழுதாக அடங்கவில்லை. அக்கா அழவில்லை, அரிசியைக் களைந்து அடுப்பில் வைத்தாள். விழா அவளில்லாமலே நடந்தது.

ஞாயிறு பூசையில் பாடகர் குழுவோடு அந்தக் கிற்றாரை வாசிக்க மட்டும் அவளுக்கு அனுமதி இருந்தது. முதல் ஞாயிறே, கடைசிப் பாட்டின் கடைசி அடியில் அவள் தாளத்தைக் கொஞ்சம் முறுக்கிவிட்டாள். மர வாங்குகளில் வரிசையாக இருந்த சனம் தன்னையறியாமல் கைதட்டியது. லிஃப்ட் அன்ரிதான் பலமாகத் தட்டினார், அப்பாவின் சப்பாத்தும் தரையில் தாளம் போட்டது. கோயிலில் பிறந்த அந்தப் பாட்டை அக்கா அதன் பிறந்த வீட்டுக்கே கொண்டுவந்து விட்டிருப்பது அப்பாவுக்குத் தெரியாது. அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். புரட்டாதியில் பல்கலைக்கழகம் போனவள் பிறகு எந்தக் கிற்றாரையும் தொடவில்லை.

அந்தக் கோயில் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. கிற்றார் யாரிடம் போனதென்று கேட்டுப் பார்த்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை. போன மாதம் மில்லிக்கனில் அக்கா வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். அக்காவின் மகள் கிற்றார் பழகுவதைக் கேட்டுக்கொண்டிருந்த அப்பா, இவளைவிட உன்ர கைதான் திறம் என்று அக்காவிடம் சொன்னார். அதோடு விடவில்லை.

"ஏன் பிள்ளை விட்டனீ? ஆசை எண்டால் கோயிலில திருப்பிக் கேட்டு வாங்கியிருக்கலாமே."

அக்கா கோப்பைகளை அடுக்கிக்கொண்டே, "நேர்ந்ததை எப்பிடியப்பா திருப்பிக் கேக்கிறது?" என்றாள்.

அப்பா விளங்காமல் அவளைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "நான் என்னத்தை நேர்ந்தனான்?" என்று கேட்டார்.